ஹைஸ்கூல் ஃபுட்பால் சீசனுக்கு முன்னாடி நடக்கற ஸ்க்ரிம்மேஜ பாத்து டீம் எப்படின்னு சொல்ல முடியுமா?

கேள்வி கேட்டவங்க டெக்சாஸுக்கு புதுசா வந்திருக்காங்க, பையன் ஒன்பதாவதுல அமெரிக்கன் ஃபுட்பால் டீம்ல சேர்ந்திருக்கான், ஆகஸ்ட்ல ஸ்க்ரிம்மேஜ்னு ஒரு பயிற்சி ஆட்டம் நடக்குதாம், அதுல ஜெயிச்சா நல்ல டீம்னு அர்த்தமா, அதுல பையன ரொம்ப நேரம் இறக்கலன்னா கவலைப்படணுமான்னு கேட்டிருக்காங்க. நான் டல்லாஸ் பக்கம் இருக்கேன். என் பையன் ஹைஸ்கூல்ல செண்டர் ஆடினான், அதாவது நடுவுல நின்னு பந்த பின்னாடி குடுத்து ப்ளேவ தொடங்கி வைக்கறவன், அவன் காலேஜ் போனதுக்கு அப்புறமும் நான் ஜேவி, அதாவது ரெண்டாம் நிலை டீம் மேட்சுக்கு செயின் பிடிக்க போய்ட்டு தான் இருக்கேன். செயின்னா 10 யார்டு அளக்கறதுக்கு ரெண்டு கம்புக்கு நடுவுல கட்டியிருக்கற சங்கிலி, அத பிடிச்சிக்கிட்டு சைடுலைன்ல நிக்கணும், சின்ன மேட்ச்ல எல்லாம் யாராவது அப்பாமார்தான் செய்வாங்க. கோச் கத்தறதும் பசங்க மூச்சு வாங்கறதும் காதுல விழற தூரம் அது, அங்க இருந்து பாத்தத தான் எழுதறேன்.

முதல்ல ஸ்கோர் விஷயத்த முடிச்சிடலாம். ஸ்க்ரிம்மேஜ் ஸ்கோருக்கு எந்த மதிப்பும் இல்ல, பல இடத்துல ஸ்கோரே போட மாட்டாங்க, கூட வந்தவங்களா மனசுல கணக்கு வெச்சுக்கறது தான். ஆனா ஸ்கோர மறந்துட்டு பாத்தீங்கன்னா அந்த கோச் ஜூன்ல இருந்து பசங்கள எப்படி வளத்திருக்காருன்னு அன்னிக்கு அப்பட்டமா தெரியும். யாரு திறமைசாலிங்கறத விட, எது பழக்கமாயிருக்குங்கறது தான் அங்க தெரியற விஷயம்.

ஏன்னு புரியணும்னா அது எப்படி நடக்குதுன்னு தெரியணும். டெக்சாஸ்ல அரசு பள்ளி விளையாட்டெல்லாம் யூஐஎல்ங்கற அமைப்புக்கு கீழ வரும், அவங்க விதிப்படி ஸ்ப்ரிங் ட்ரெயினிங், அதாவது வசந்த கால பயிற்சி எடுத்த பெரிய ஸ்கூலுக்கு ஆகஸ்ட்ல ஒரே ஒரு ஸ்க்ரிம்மேஜ், எடுக்காத ஸ்கூலுக்கு ரெண்டு. வேற ஸ்கூல் டீம் கூட தான் ஆடுவாங்க, ஆனா பெரும்பாலும் ரெண்டு பகுதியா இருக்கும். முதல் பகுதில ஒரு டீமோட அஃபென்ஸ், அதாவது பந்த வெச்சு முன்னேறற பசங்க, வரிசையா 10, 12 ப்ளே ஓடுவாங்க, ப்ளேன்னா பந்து கிளம்பினதுல இருந்து விசில் ஊதற வரைக்கும் ஒரு முயற்சி, டச்டவுன் (பந்த எதிர் டீமோட கடைசி கோட்டுக்கு அந்தப்பக்கம் கொண்டு போறது) போட்டாலும் சரி பந்த பறிகொடுத்தாலும் சரி, பந்த திரும்ப அதே இடத்துல கொண்டு வந்து வெச்சு அடுத்த ப்ளே, அது முடிஞ்சதும் எதிர் டீம் முறை. கோச்சுங்க மைதானத்துக்குள்ளயே பசங்களுக்கு பின்னாடி நின்னுட்டிருப்பாங்க. வார்சிட்டி, அதாவது ஸ்கூலோட பிரதான டீம்ல, முதல் வரிசை, ரெண்டாவது வரிசைன்னு மாத்தி மாத்தி இறக்குவாங்க. கடைசில ஒரு குவார்ட்டரோ ரெண்டு குவார்ட்டரோ கடிகாரம் ஓட விட்டு நிஜ மேட்ச் மாதிரி. ஆட்டத்த தொடங்கற உதையான கிக்ஆஃப் பெரும்பாலும் கிடையாது, பந்த எதிர் டீம்கிட்ட தூரமா உதைச்சு விடற பன்ட் அடிச்சாலும் யாரும் பாய்ஞ்சு வந்து தடுக்க மாட்டாங்க, சில கோச்சுங்க பந்த வாங்கி வீசற குவார்ட்டர்பேக்குக்கு வேற கலர் ஜெர்சி மாட்டி விட்டு அவன தொட்டாலே விசில்னு சொல்லிடுவாங்க. அதோட முக்கியமான ப்ளே எதையும் வெளிய எடுக்க மாட்டாங்க, ஏன்னா வீடியோ எடுத்து ஹடில்ங்கற வீடியோ தளத்துல ஏத்திடுவாங்க, முதல் மேட்ச்ல மோதப் போற டீம் ஆளுங்க கேலரில வந்து உக்காந்து நோட்டும் போடுவாங்க. அதனால அங்க ஓடறதெல்லாம் ரொம்ப அடிப்படையான ஒரு பத்து பதினஞ்சு ப்ளே தான், நம்மூர் கிரிக்கெட்ல டூர் தொடக்கத்துல ஆடற ப்ராக்டிஸ் மேட்ச் மாதிரி. தந்திரம் எதுவும் இல்லாததால தான் அடிப்படை எவ்வளவு உறுதியா இருக்குன்னு மறைக்க முடியாம வெளிய வருது.

நான் பாக்கற முதல் விஷயம் லைன். புதுசா வர்றவங்க கண்ணு பந்து பின்னாடியே ஓடும், அது இயல்பு தான், ஆனா முடிஞ்சா எண்ட்ஸோனுக்கு, அதாவது மைதானத்தோட கடைசிப் பகுதிக்கு, பின்னாடி, கொஞ்சம் உயரமான இடத்துல உக்காருங்க, அங்க இருந்து நடுவுல நிக்கற அஞ்சு பெரிய பசங்கள மட்டும் பாருங்க. பந்து கிளம்பின அடுத்த நொடில அந்த அஞ்சு பேரும் ஒரே சமயத்துல நகர்றாங்களா, இல்ல ஒருத்தன் அரை நொடி கழிச்சு எழுந்திரிக்கறானா, எதிராளிய விட தாழ்வா போய் இடிக்கறாங்களா, நிமிந்து நின்னு தள்ளறாங்களா. ஆட்டம் போகப் போக அசதில உடம்பு தானா நிமிரும், பதினஞ்சாவது ப்ளேலயும் இடுப்ப தாழ்த்தி போற லைன் வெச்சிருக்கற டீம் அக்டோபர்ல யார்கிட்டயும் சுலபமா தோக்காது. கைய தரையில ஊனி நிக்கற பசங்களோட விரல் நுனியையும் கவனிங்க. எடைய முன்னாடி போட்டு விரல் வெளுத்துப் போற அளவுக்கு அழுத்தினா அது ரன் ப்ளே, கைய சும்மா தொட்ட மாதிரி வெச்சுக்கிட்டு பின்னாடி சாஞ்சிருந்தா பாஸ். இப்படி காட்டிக் குடுக்கற பையன் ஒருத்தன் இருந்தா போதும், எதிர் டீம் கோச் வீடியோவுல கண்டுபிடிச்சிடுவாரு. நல்ல லைன் கோச் ஸ்க்ரிம்மேஜ் முடிஞ்ச மறுநாளே அத திருத்திடுவாரு.

அப்புறம் ஸ்நாப், அதாவது செண்டர் பந்த பின்னாடி குடுக்கறது. செண்டர் அப்பாங்கறதால இது எனக்கு ரொம்ப நெருக்கமான விஷயம். இப்ப நிறைய டீம் ஷாட்கன்ல, அதாவது குவார்ட்டர்பேக் தள்ளி நிக்கற முறைல தான் ஆடறாங்க, செண்டர் பந்த கால் நடுவுல பின்னாடி அஞ்சு யார்டுக்கு வீசணும், அதே நொடில எதிர்ல ஒருத்தன் அவன் மூஞ்சி மேல வந்து விழுவான். ஆகஸ்ட்ல இங்க வெயில் 100 டிகிரி, நம்ம கணக்குல 38. வேர்வை முழங்கைல இருந்து வழிஞ்சு பந்து மேல இறங்கும், குவார்ட்டர்பேக் அடிக்கொரு தரம் செண்டர் இடுப்புல சொருகியிருக்கற துண்ட இழுத்து கைய துடைப்பான். ஒரு ஸ்க்ரிம்மேஜ்ல கம்ப பிடிச்சிக்கிட்டு பாத்துட்டிருக்கேன், ஒரு டீமோட ரெண்டாவது செண்டர் வீசின பந்து தொடர்ந்து குவார்ட்டர்பேக் தலைக்கு மேலயே போகுது. அவங்க கோச் கத்தல, பால் பாய்ஸ்கிட்ட சொல்லி ஒவ்வொரு ப்ளேவுக்கும் பந்த துடைச்சு குடுக்க வெச்சாரு, அந்த பையன்கிட்ட போய் பந்து மேல கைய எங்க வைக்கணும்னு ஒரு தடவ காமிச்சாரு, அப்புறம் அவனையே தொடர்ந்து ஆட விட்டாரு. மாத்தவே இல்ல. கடைசி குவார்ட்டர்ல பந்து நேரா குவார்ட்டர்பேக் நெஞ்சுக்கு போச்சு. அந்த டீம பத்தி எனக்கு அன்னிக்கே நல்ல அபிப்பிராயம் வந்துடுச்சு, பையன விட கோச்ச வெச்சு.

பந்து கிளம்பறதுக்கு முன்னாடி நடக்கறதையும் பாக்கணும். ஃபால்ஸ் ஸ்டார்ட், அதாவது பந்து கிளம்பறதுக்கு முன்னாடியே நகர்ற தப்பு, எத்தன, பதினோரு பேருக்கு பதிலா பத்து பேர் நிக்கற குழப்பம் எத்தன, சைடுலைன்ல இருந்து கோச் கைய ஆட்டி சிக்னல் குடுத்ததும் ரிசீவர் (வீசற பந்த பிடிக்கறவன்) அவனா சரியான இடத்துக்கு போறானா, இல்ல பக்கத்துல இருக்கறவன பாத்துட்டு போறானா. டெக்சாஸ்ல காலேஜ் விதிய ஒட்டி தான் ஹைஸ்கூலும் ஆடறாங்க, மேட்ச்ல ஒரு ப்ளே முடிஞ்சா அடுத்தத 40 நொடிக்குள்ள தொடங்கணும். முதல் ஸ்க்ரிம்மேஜ்ல அஞ்சாறு ஃபால்ஸ் ஸ்டார்ட் சகஜம், அதுக்கு பயப்பட வேணாம். ஆனா புது கோச், புது சிஸ்டம்னா இதுல ரொம்பவே திணறுவாங்க, அந்த டீம் செப்டம்பர் நடு வரைக்கும் தடுமாறும்னு நீங்களே சொல்லிடலாம்.

டிஃபென்ஸ்ல, அதாவது தடுக்கற பக்கத்துல, டாக்ளிங் தான் எல்லாம், பந்தோட ஓடறவன பிடிச்சு கீழ சாய்க்கறது. 2013ல இருந்து யூஐஎல்ல ஒரு விதி இருக்கு, சீசன் நடக்கறப்ப ப்ராக்டிஸ்ல ஒரு பையனுக்கு வாரத்துக்கு 90 நிமிஷத்துக்கு மேல முழு கான்டாக்ட் கூடாது. தலைல அடி படறத குறைக்கறதுக்காக கொண்டு வந்த விதி, ரொம்ப சரியான விதி, பெத்தவங்கற முறைல நான் அதுக்கு முழு ஆதரவு. ஆகஸ்ட்லயும் கோச்சுங்க காயத்துக்கு பயந்து ப்ராக்டிஸ்ல ஓடறவன பிடிச்சு நிறுத்தறதோட விட்டுடுவாங்க, கீழ சாய்க்க விடறது கம்மி. அதனால வேற ஜெர்சி போட்ட ஒருத்தன முழு வேகத்துல சாய்க்கற வாய்ப்பு பசங்களுக்கு முதல் தடவையா வர்றது ஸ்க்ரிம்மேஜ்ல தான். முதல்ல கைய வெச்சவன் கைலயே ஆள் விழறானா, இல்ல ரெண்டு பேர உதறிட்டு மூணாவது ஆள்கிட்ட தான் விழறானான்னு பாருங்க. தலைய குனிஞ்சு இடிக்கற பையன் யாராவது இருந்தா, கோச் அத அந்த இடத்துலயே நிறுத்தி திருத்தறாரான்னு கட்டாயம் பாருங்க. அவரு கண்டுக்காம விட்டா அந்த டீம்ல பையன சேக்கறதுக்கே நான் ரெண்டு தடவ யோசிப்பேன்.

இதையெல்லாம் விட எனக்கு முக்கியம் ரெண்டாவது வரிசை. பல பெத்தவங்க முதல் வரிசை முடிஞ்சதும் கார எடுத்துட்டு கிளம்பிடறாங்க, ஆனா விஷயமே அதுக்கப்புறம் தான் இருக்கு. யூஐஎல்ல ஸ்டேட் சாம்பியன் ஆகணும்னா ரெகுலர் சீசன்ல 10 மேட்ச், அதுக்கு மேல ப்ளேஆஃப்ல 6, மொத்தம் 16 மேட்ச், ஆகஸ்ட் கடைசில இருந்து டிசம்பர் வரைக்கும். பதினாறு பதினேழு வயசு உடம்பு, கணுக்கால் சுளுக்கு, தோள் விலகல், முழங்கால், எதுவும் இல்லாம எந்த டீமும் அவ்வளவு தூரம் போறதில்ல. முதல் வரிசைல ஒரு நட்சத்திரம் எல்லா ஸ்கூல்லயும் இருப்பான், அவன் 60 யார்டு ஓடறத பாத்து ஜனங்க எழுந்து நின்னு கை தட்டுவாங்க, அதே நேரத்துல எதிர்ல நின்னது அவங்களோட ரெண்டாவது வரிசையான்னு யாரும் பாக்கறதில்ல. ரெண்டாவது வரிசை இறங்கறப்ப ஆட்டத்தோட வேகம் குறையலாம், உடம்பு சின்னதா இருக்கலாம், ஆனா நிக்கற விதம், கால் வெக்கற விதம், சிக்னல் வாங்கற விதம் முதல் வரிசை மாதிரியே இருந்தா அந்த ஸ்கூல்ல எல்லாருக்கும் ஒரே மாதிரி சொல்லிக் குடுக்கறாங்கன்னு அர்த்தம். முதல் பதினோரு பேருக்கு மட்டும் சொல்லிக் குடுத்துட்டு மத்தவங்கள சும்மா நிக்க வெக்கற ஸ்கூலும் இருக்கு, அது அன்னிக்கு மறைக்க முடியாம தெரியும்.

சின்ன ஊர் ஸ்கூல்ல கதை வேற, அங்க ரெண்டாவது வரிசையே இருக்காது, ஒரே பையன் அஃபென்ஸ் டிஃபென்ஸ் ரெண்டும் ஆடுவான். மேற்கு டெக்சாஸ் பக்கம் ரொம்ப சின்ன ஸ்கூலுங்க ஒரு பக்கத்துக்கு ஆறு பேர் வெச்சு 80 யார்டு மைதானத்துல ஆடற சிக்ஸ்-மேன் ஃபுட்பாலே தனியா இருக்கு, அங்கெல்லாம் பாக்க வேண்டியது மூச்சு எவ்வளவு தாங்குதுங்கறது தான்.

வெயில பத்தி ஒரு வார்த்த சொல்லாம போக மனசு வரல. 2001 ஆகஸ்ட் 1ஆம் தேதி மினசோட்டா வைக்கிங்ஸ் ஆட்டக்காரர் கோரி ஸ்ட்ரிங்கர் ட்ரெயினிங் கேம்ப்ல ஹீட் ஸ்ட்ரோக் வந்து இறந்தாரு, தொழில்முறை ஆட்டக்காரருக்கே அந்த நிலமன்னா பசங்க எம்மாத்திரம். இப்ப ஸ்கூல்ல ஆரம்ப நாள்ல ஹெல்மெட் மட்டும், அப்புறம் தோள் பேட், அதுக்கப்புறம் தான் முழு பேட்னு படிப்படியா பழக்கறாங்க. ஸ்க்ரிம்மேஜுக்கு போனா சைடுலைன் பக்கம் ஐஸ் தண்ணி நிரப்பின பெரிய தொட்டி தயாரா இருக்கான்னு பாருங்க, அத்லெடிக் ட்ரெய்னர் எங்க நிக்கறாருன்னு பாருங்க, பசங்க கேக்காமலே தண்ணி வருதான்னு பாருங்க. கடைசி குவார்ட்டர்ல கெண்டைக்கால் பிடிச்சிக்கிட்டு எத்தன பேர் விழறாங்கங்கறதும் ஒரு கணக்கு, ஒருத்தர் ரெண்டு பேர்னா வெயில் தான் காரணம், வரிசையா ஏழெட்டு பேர் விழுந்தா கோடைல சரியா பழக்கலன்னு தான் எடுத்துப்பேன்.

ஸ்க்ரிம்மேஜ்ல தெரியாதது ஸ்பெஷல் டீம்ஸ். கிக்கும் பன்டும் நிஜமா ஆடாததால தான் ஆகஸ்ட் கடைசில நடக்கற முதல் மேட்ச்ல பன்ட் தடுக்கப்படறது, கிக்ஆஃப்ல இருந்தே ஒருத்தன் நேரா ஓடிப் போய் டச்டவுன் போடறதெல்லாம் நிறைய பாக்கலாம். குவார்ட்டர்பேக்கையும் அன்னிக்கு முழுசா எடை போட முடியாது, அடி விழாதுன்னு தெரிஞ்சு வீசறதும் 250 பவுண்டு ஆள் பாயறப்ப வீசறதும் ஒண்ணு இல்ல. முதல் சில மேட்ச் டிஸ்ட்ரிக்ட், அதாவது யூஐஎல் பிரிச்சு வெச்சிருக்கற ஸ்கூல் குழு, கணக்குல வராது, டிஸ்ட்ரிக்ட்ல முதல் நாலு இடம் பிடிக்கறவங்க தான் ப்ளேஆஃப் போவாங்க, அதனால ஸ்க்ரிம்மேஜ்ல கண்ணுல பட்ட குறைய சரி பண்ண கோச்சுக்கு இன்னும் சில வாரம் கைல இருக்கு.

உங்க பையன் விஷயம். ஒன்பதாவது பசங்களுக்கு தனியா ஃப்ரெஷ்மேன் டீம் இருக்கும், அதுல பெரிய ஸ்கூல்னா ஏ டீம் பி டீம்னு கூட பிரிப்பாங்க, கூட்டம் அதிகம், ஸ்க்ரிம்மேஜ்ல ஒவ்வொருத்தனுக்கும் கிடைக்கறது கொஞ்ச ப்ளே தான். சில சமயம் ஏற்கனவே நல்லா தெரிஞ்ச பையன சீக்கிரம் வெளிய எடுத்துட்டு சந்தேகமா இருக்கற பையன தான் அதிக நேரம் ஆட விடுவாங்க, அதனால எத்தன ப்ளே இறங்கினான்ங்கறத வெச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க. நீங்க நேரா கோச்கிட்ட போய் ஏன் இறக்கலன்னு கேக்காதீங்க, இங்க பல ஸ்கூல்ல சீசன் ஆரம்ப மீட்டிங்லயே அத பத்தி பெத்தவங்க பேசக்கூடாதுன்னு சொல்லிடுவாங்க. அவன் வீடியோ ஹடில்ல வந்திருக்கும், ரெண்டு பேரும் சேர்ந்து உக்காந்து அவன் இறங்கின ப்ளேவ மட்டும் பாருங்க, விசில் ஊதற வரைக்கும் ஓடறானா, நடுவுல நின்னுடறானா. அடுத்த வாரம் ப்ராக்டிஸ் முடிஞ்சதும் அவனையே தன் பொசிஷன் கோச்கிட்ட போய் நான் எத சரி பண்ணணும்னு கேக்க சொல்லுங்க. அவன் எந்த பொசிஷன்னு நீங்க எழுதல, சொன்னீங்கன்னா அந்த பொசிஷன்ல என்ன பாக்கணும்னு தனியா எழுதறேன், லைன்னா இன்னும் விலாவாரியா சொல்லுவேன்.