60 லட்ச ரூபாய் கார்: உரிமையாளர்கள் சொல்லும் திருப்தியை நம்பி வாங்கலாமா?

கேள்வி: பண்ருட்டி அருகே முந்திரி ஆலை நடத்துகிறேன். தனி உரிமையாளர். வயது 49. எல்லாச் செலவும் போக மாதம் சராசரியாக ஒன்றரை லட்சம் மிஞ்சுகிறது. மகள் அடுத்த வருடம் கல்லூரிக்குப் போகிறாள். இத்தனை வருட உழைப்புக்கு ஒரு நல்ல எக்ஸிகியூட்டிவ் கார் வாங்க ஆசை. டொயோட்டா கேம்ரி, ஸ்கோடா சூப்பர்ப் மாதிரி வண்டிகளைப் பார்த்தேன். ஷோரூம் விலை 48 லட்சம், சாலை வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து 60 லட்சம் வருகிறது. வங்கியில் 20 லட்சம் வைப்பு இருக்கிறது. சீசனில் கொட்டை வாங்க அதைத்தான் எடுப்பேன். அதை முன்பணமாகக் கட்டி, 40 லட்சத்துக்கு 7 வருடக் கடன் வாங்கலாம் என்று எண்ணம். வெளிநாட்டுச் சர்வேக்களில் இந்த வண்டிகளின் உரிமையாளர்கள் மிகத் திருப்தி என்கிறார்கள். சென்னையில் உள்ள என் மைத்துனரும் அதையேதான் சொல்கிறார். அதை நம்பி இறங்கலாமா? புதுச்சேரியில் பதிவு செய்தால் வரி குறையும் என்கிறார்களே, அது சரியா?

பதில்: இந்தத் தரத்தில் ஒரு கார் வைத்துக்கொள்ளும் வசதி உங்களுக்கு இருக்கிறது. ஆசைப்படுவதிலும் தவறில்லை. ஆனால் நீங்கள் போட்டிருக்கும் திட்டத்துக்கு நான் சம்மதம் சொல்ல மாட்டேன். கொள்முதல் பணத்தில் கை வைப்பதுதான் முதல் காரணம். சர்வேயைப் பற்றி முதலில் பேசிவிடுகிறேன், ஏனென்றால் உங்களுக்குத் துணிச்சல் கொடுத்ததே அதுதான்.

அமெரிக்காவில் 1968-ல் தொடங்கிய ஜே.டி. பவர் நிறுவனம்தான் கார் வாங்கியவர்களிடம் நேராகக் கேட்டு எண் போடும் வழக்கத்தைப் பெரிதாக்கியது. எழுபதுகளின் தொடக்கத்தில் மஸ்தாவின் ரோட்டரி என்ஜினில் ஒரு ரப்பர் வளையம் பழுதாவதை உரிமையாளர்களிடம் விசாரித்தே வெளிக்கொண்டு வந்தார்கள். உரிமையாளர் வாய்ச்சொல்லுக்கு மதிப்பு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. எந்தக் கேள்விக்கு அவர் பதில் சொன்னார் என்று பார்க்கத்தான் சொல்கிறேன்.

அந்த நிறுவனத்தின் ஆரம்பத் தர ஆய்வு, கார் எடுத்த முதல் 90 நாளைப் பற்றியது. நூறு கார்களுக்கு எத்தனை குறை என்று கணக்கிடுவார்கள்; எண் குறைந்தால் நல்லது. அதில் கைபேசி புளூடூத்தில் சேராததும் ஒரு குறை, கியர்பாக்ஸ் தகராறும் ஒரு குறை. உங்கள் பணப்பைக்கு இரண்டும் ஒன்றா? இன்னொரு ஆய்வு மூன்று வயதான கார்களின் முதல் உரிமையாளர்களிடம் கேட்பது. நம்பகத்தன்மைக்கு அதைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் விளம்பரத்தில் 'முதலிடம்' என்று கோப்பை காட்டும்போது அது எந்த ஆய்வின் கோப்பை என்று யாரும் கவனிப்பதில்லை. அந்தக் கோப்பையை விளம்பரத்தில் காட்டுவதற்குக் கார் கம்பெனி கட்டணம் கட்ட வேண்டும் என்பதும் பலருக்குத் தெரியாது.

விளம்பரமே வாங்காத கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகை தன் உறுப்பினர்களிடம், 'எல்லாவற்றையும் யோசித்துப் பார்த்தால் இதே காரை மறுபடி வாங்குவீர்களா?' என்று கேட்கிறது. அதுதான் அவர்களின் திருப்தி அளவுகோல். டெஸ்லாவின் மாடல் 3 காரை வாங்கியவர்கள் இந்தக் கேள்விக்கு உற்சாகமாக 'ஆமாம்' என்றார்கள். அதே வண்டியில் உரிமையாளர்கள் எழுதிய பழுதுகளைக் கூட்டிப் பார்த்துவிட்டு, 2019 பிப்ரவரியில் அந்தப் பத்திரிகை தன் பரிந்துரையைத் திரும்பப் பெற்றது. திருப்தியைச் சொன்னதும் பழுதைச் சொன்னதும் அதே வாசகர்கள்தான். பிடித்துப்போன வண்டி செலவு வைத்தாலும் பிடித்தே இருக்கும்.

என்னிடம் கணக்குப் பார்க்க வரும் லாஸ்பேட்டை மருத்துவர் ஒருவர் இப்படித்தான். ஐந்து வருடமாக ஒரு பெரிய செடான் ஓட்டுகிறார். கார் எப்படி என்று கேட்டால் இன்றைக்கும் முகம் மலர்ந்து பாராட்டுவார், அதில் பொய் ஒன்றும் இல்லை. வருமான வரிக்காக அவர் கொண்டுவந்த கோப்பில் சர்வீஸ் பில்கள் தேதி வாரியாகக் குத்தி வைத்திருந்தன. வழக்கமான ஆயில், பில்டர் மாற்றம் ஒன்றும் மலைக்க வைக்கவில்லை. நடுவில் நான்கு டயர், முன்பக்க சஸ்பென்ஷன் புஷ்கள், மோதலில் உடைந்த ஒரு ஹெட்லாம்ப். அந்த ஹெட்லாம்ப்பில் பல்பு மட்டும் மாற்ற வழியில்லை. எல்இடி என்பதால் மொத்தமாக மாற்ற வேண்டும். மூன்றையும் கூட்டிக் காட்டியபோது, 'இவ்வளவா ஆச்சு?' என்று அவரே கேட்டார். இவரிடம் சர்வே எடுத்தால் பத்துக்குப் பத்து போடுவார்.

அதனால் உங்கள் மைத்துனரிடம் 'வண்டி எப்படி இருக்கு?' என்று கேட்காதீர்கள். எத்தனை வருடமாக வைத்திருக்கிறார், வாரண்டி முடிந்த பிறகு வந்த பில் எங்கே, வொர்க்ஷாப்பில் எத்தனை நாள் நின்றது, ஒரு உதிரிபாகம் வர எத்தனை நாள் ஆனது, இவற்றைக் கேளுங்கள். பில்லைக் கண்ணால் பாருங்கள். சென்னைக்காரருக்கு வொர்க்ஷாப் பக்கத்துத் தெருவில் இருக்கும். உங்களுக்குப் புதுச்சேரியா, சென்னையா என்பதே ஒரு செலவு. பண்ருட்டியிலிருந்து வண்டியைச் சென்னைக்கு அனுப்பி எடுத்து வருவதென்றால் ஓட்டுநருக்கு இரண்டு நாள் போகும். இந்தப் பக்கம் நான்கு, ஐந்து வருடம் அதே வண்டியை வைத்திருக்கும் இரண்டு பேரைத் தேடிப் பிடித்துப் பேசினால், வெளிநாட்டு உரிமையாளர்கள் ஆயிரம் பேர் சொன்னதைவிட அது உங்களுக்கு உதவும். அவர்கள் ஊரில் விற்கும் என்ஜின் வேறு, வெயில் வேறு, கடலோர உப்புக் காற்று வேறு.

இனி பணம். 40 லட்சம், 9 சதவீத வட்டி, 84 மாதம் என்று வைத்தால் தவணை சுமார் 64,350 ரூபாய். ஒன்றரை லட்சம் மிச்சத்தில் இது கட்டிவிடலாம் என்றுதான் தோன்றும். மொத்த வட்டி 14 லட்சத்துக்குச் சற்று மேல். இதுவரை வங்கி அதிகாரியும் உங்களிடம் சொல்லியிருப்பார்.

அவர் சொல்லாதது கொள்முதல் கணக்கு. பங்குனி, சித்திரையில் கொட்டை வரத்து ஏறும்போது கையில் ரொக்கம் வைத்திருப்பவனுக்குத்தான் நல்ல சரக்கு நல்ல விலையில் கிடைக்கும். அந்த 20 லட்சத்தை ஷோரூமில் கட்டிவிட்டு, சீசனில் வெளியே இரண்டு வட்டிக்கு எடுத்தால் மாதம் 40,000. சரக்கு பருப்பாகிப் பணம் திரும்ப நான்கு மாதம் என்றால் 1,60,000. ஒவ்வொரு வருடமும் இதே கதையானால் 7 வருடத்தில் 11 லட்சத்தைத் தாண்டும். அது கார் கடன் வட்டியாகக் கணக்கில் வராது, தொழில் வட்டி என்ற பெயரில் ஒளிந்து நிற்கும். வங்கியின் சிசி (தொழிலுக்கான கேஷ் கிரெடிட்) கணக்கில் இழுத்தால் வட்டி குறையும், ஆனால் சீசனில் அந்த வரம்பும் முழுதாகத் தேவைப்படும் இல்லையா? ஆலைக்குச் சரக்கு வாங்கும் பணம் வைப்பில் தூங்குவதாக நினைக்காதீர்கள். உங்கள் வீட்டில் அதிகம் சம்பாதிப்பதே அந்த 20 லட்சம்தான்.

'தொழில் பேரில் எடுத்தால் வரி மிச்சம்' என்றும் யாராவது சொல்லியிருப்பார்கள். வருமானத்தில் கழிக்கக்கூடிய தேய்மானம், காருக்கு வருடம் 15 சதவீதம். வண்டி விலையும் சாலை வரியும் சேர்த்து 57.6 லட்சம் என்றால் முதல் வருடம் 8.64 லட்சம். பாதி ஓட்டம் குடும்பத்துக்கு என்றால் பாதியைத்தான் கழிக்க முடியும். 30 சதவீத வரம்பில் செஸ்ஸும் சேர்த்துப் பார்த்தால் மிச்சமாகும் வரி சுமார் 1.35 லட்சம். விற்பனையில் குறிப்பிட்ட பங்கையே லாபமாகக் காட்டும் உத்தேச வருமானத் திட்டத்தில் இருப்பவராக இருந்தால் அதுவும் தனியாகக் கிடைக்காது. காருக்குக் கட்டிய ஜிஎஸ்டியை உங்கள் தொழிலில் திரும்ப எடுக்கவும் முடியாது. ஷோரூமில் முன்கூட்டியே பிடிக்கும் 1 சதவீத வருமான வரியான டிசிஎஸ் மட்டும் உங்கள் பணம். ரிட்டர்னில் மறக்காமல் காட்டச் சொல்லுங்கள்.

என் யோசனை இதுதான்: இதே தரத்தில், மூன்று வயதுள்ள, தமிழ்நாட்டிலேயே பதிவான, ஒரே உரிமையாளர் வைத்திருந்த கார். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள் சாலை வரி 20 சதவீதம். உங்கள் 48 லட்சத்துக்கு அது 9.6 லட்சம். மூன்று வருட வண்டியில் ஆயுள் வரியை முதல் உரிமையாளர் எப்போதோ கட்டி முடித்துவிட்டார். இன்சூரன்ஸ் மதிப்பு அட்டவணையே மூன்று வருடம் தாண்டிய காருக்கு 40 சதவீதம் கழிக்கிறது. அந்தச் சரிவு உங்கள் தலையில் விழாமல், உங்களுக்குச் சாதகமாக நிற்கட்டும். 30 லட்சத்தை ஒட்டி ஒன்று அமைந்தால், 15 லட்சம் சொந்தப் பணம், 15 லட்சம் ஐந்து வருடக் கடன். பழைய காருக்கு வட்டி கூடும். 11 சதவீதம் என்று வைத்தாலும் தவணை 32,600, மொத்த வட்டி 4.6 லட்சத்துக்குள். மகளின் கல்லூரிச் செலவு ஏறினாலும் மூச்சு முட்டாது. டொயோட்டா ஹைபிரிட் பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி உண்டு; மூன்று வருட வண்டியில் அது பெரும்பாலும் மிச்சமிருக்கும். முறையாக அவர்கள் வொர்க்ஷாப்பிலேயே சர்வீஸ் செய்த பதிவு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

அந்த 15 லட்சத்தை எங்கிருந்து எடுப்பது? இன்றிலிருந்து மாதம் ஒரு லட்சம் தனிக் கணக்கில் போடுங்கள். இப்போதுள்ள உங்கள் காரை விற்ற பணமும் தீபாவளிக்குப் பருப்பு விற்ற லாபத்தில் ஒரு பங்கும் சேர்ந்தால் தை பிறக்கும்போது தொகை தேறிவிடும். தவணையும் இந்தச் சேமிப்பில் மூன்றில் ஒரு பங்குதான் என்பதால் கட்டும் பழக்கம் ஏற்கெனவே வந்திருக்கும். 'அக்டோபருக்கு முன் எடுத்தால் முழுத் தேய்மானம்' என்று அவசரப்படுத்துவார்கள். 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தினால் அந்த வருடம் பாதிதான் என்பது உண்மை. மீதிப் பாதி காணாமல் போகாது, பின்வரும் வருடங்களுக்குத் தள்ளிப் போகும், அவ்வளவே.

தை மாதம் என்று நான் சொல்வதற்கு மழையும் காரணம். 2011 தானே புயல், 2015 வெள்ளம், 2024 நவம்பர் 30-ல் கரையேறிய பெஞ்சல் புயல், அதைத் தொடர்ந்து தென்பெண்ணையில் வந்த வெள்ளம் எல்லாவற்றையும் கடலூர் பார்த்தது. செடான்கள் தாழ்வானவை. தேங்கிய நீரில் என்ஜினை மறுபடி ஸ்டார்ட் செய்து உள்ளே நீர் ஏறினால், சாதாரணக் காம்ப்ரிஹென்சிவ் பாலிசி பொதுவாக அந்த என்ஜின் சேதத்துக்குக் கொடுக்காது. 'என்ஜின் புரொடெக்ட்' என்ற கூடுதல் காப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கேம்ரியில் ஹைபிரிட் பேட்டரி பின் இருக்கைக்கு அடியில் இருக்கிறது, அதையும் மனதில் வையுங்கள். உங்கள் பழைய காரில் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காத வருடங்களுக்கான பிரீமியத் தள்ளுபடி) சேர்ந்திருந்தால் அதற்குச் சான்று வாங்கிப் புது பாலிசிக்கு மாற்றுங்கள். அந்தச் சலுகை உங்களுடையது, காருடன் போவதல்ல.

வாங்கப் போகும் வண்டி வெள்ளத்தில் நின்றதா என்று நீங்களே பார்க்கலாம். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கோடு தெரியும். இருக்கை நகரும் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா, ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தில் மண் படிந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். விற்பவரின் பாலிசியில் போனஸ் பூஜ்யம் என்றால் ஏதோ கிளெய்ம் போயிருக்கலாம். என்ன என்று கேளுங்கள். கடன் பாக்கி உள்ள வண்டியா என்பது ஆர்.சி.யிலேயே தெரியும்.

புதுச்சேரிப் பதிவு பற்றிக் கேட்டீர்கள். அங்கே வீடோ தொழிலோ இல்லாமல் யாரோ ஒருவர் முகவரியில் பதிவு செய்வது மோசடி. 2017-ல் கேரளத் திரையுலகினர் சிலர் இதே விஷயத்தில் வழக்கைச் சந்தித்தார்கள். உண்மையாகவே அங்கே பதிவான காராக இருந்தாலும், 12 மாதத்துக்கு மேல் கடலூர் மாவட்டத்தில் வைத்து ஓட்டினால் தமிழ்நாட்டுப் பதிவுக்கு மாற்றி, வண்டியின் வயதுக்கேற்ற வரியைக் கட்ட வேண்டும். ஆகவே புதுச்சேரி நம்பர் உள்ள பழைய காரை யாராவது விலை குறைத்துக் காட்டினால், தடையில்லாச் சான்று, மறுபதிவு, இங்கே கட்ட வேண்டிய வரி மூன்றையும் அந்த விலையோடு கூட்டிவிட்டு, அதன் பிறகு டிஎன் நம்பர் வண்டியோடு ஒப்பிடுங்கள்.