அப்பா பெயரில் போட்டால் மிச்சமாகுமா?

கேள்வி: மகனுக்கு 18 முடிந்து மூன்று மாதம் ஆகிறது. எல்.எல்.ஆர். போட்டாகிவிட்டது. கல்லூரிக்குப் போய்வர 1,197 சிசி கார் ஒன்று புதிதாக வாங்கித் தரப்போகிறேன். ‘சின்னப் பையன் பெயரில் போட்டால் பிரீமியம் எகிறும், உங்கள் பெயரில் போடுங்கள்’ என்கிறார் ஏஜென்ட். லண்டனில் இருக்கும் என் மச்சான் மகனுக்கும் கார் விலையைவிட இன்ஷூரன்ஸ்தான் அதிகமாம். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. பையன் பத்தாம் வகுப்பிலிருந்தே என் தம்பியின் காரை அருமையாக ஓட்டுகிறான். யார் பெயரில் போட்டால் லாபம்?
– பெயர் வேண்டாம் என்ற வாசகர், ஈரோடு

பதில்: உங்கள் ஏஜென்ட் லண்டன் கணக்கை ஈரோட்டில் போடுகிறார். பிரிட்டனில் 17 வயதில் காரோட்டலாம். அந்த வயதுக்காரர்களுக்குப் பிரீமியம் ஆயிரம் பவுண்டைத் தாண்டுவது அங்கே சாதாரணம். வண்டியை யார் ஓட்டுகிறார், என்ன வயது, எந்தத் தெருவில் நிறுத்துகிறார் என்று தோண்டித் துருவித்தான் விலை சொல்வார்கள். வேகத்தையும் பிரேக் பிடிக்கும் விதத்தையும் குறித்துக்கொள்ளும் கருவியை வண்டியில் பொருத்தச் சம்மதித்தால் கொஞ்சம் குறைப்பவர்களும் உண்டு. பையன் ஓட்டும் காரை ‘அப்பாதான் முக்கிய ஓட்டுநர்’ என்று எழுதிக் கொடுக்கிற வேலையும் அங்கே நடக்கிறது. அதற்கு அங்கே மோசடி என்று பெயர். பிடிபட்டால் பாலிசியே செல்லாது.

நம் ஊரில் அந்தப் பொய்க்கு அவசியமே இல்லை. உங்கள் வண்டியால் மற்றவர்களுக்கு ஆகும் பாதிப்புக்கான தேர்டு பார்ட்டி கட்டணத்தை அரசு நிர்ணயிக்கிறது. அது பார்ப்பது சிசியை மட்டும். 2022 ஜூனில் அமலுக்கு வந்த பட்டியலில், 1,000 முதல் 1,500 சிசி வரையுள்ள புதுக் காருக்கு மூன்று ஆண்டுக்குச் சேர்த்து 10,640 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. ஓட்டுவது பதினெட்டு வயதுப் பையனானாலும் அறுபது வயதுப் பெரியவரானாலும் அதே தொகைதான். (மூன்று ஆண்டுக்கு மொத்தமாக ஏன் என்றால், 2018 செப்டம்பர் முதல் புதுக் காருக்கு அப்படித்தான் எடுக்க வேண்டும் என்பது உச்ச நீதிமன்ற உத்தரவு.) சொந்த வண்டிச் சேதத்துக்கான பகுதி, காரின் மதிப்பு, அதன் வயது, பதிவான ஊர் ஆகியவற்றைப் பொறுத்தது. சென்னைப் பதிவைவிட ஈரோட்டுப் பதிவுக்குக் கொஞ்சம் குறைவு. இந்தப் பகுதியில் சில கம்பெனிகள் உரிமையாளரின் வயதைப் பார்த்துத் தள்ளுபடியைக் கூட்டிக் குறைக்கலாம். லண்டன் மாதிரி தலைசுற்றாது.

ஆக, உங்கள் பெயரில் போட்டால் பெரிதாக மிச்சம் இல்லை. நஷ்டம் இருக்கிறது. உரிமையாளரே ஓட்டும்போது அவருக்கு ஏதாவது ஆனால் 15 லட்சம் ரூபாய் வரை தரும் விபத்துக் காப்பு ஒன்று உண்டு. அது ஆர்.சி.யில் பெயர் உள்ளவருக்கு மட்டும்தான், அவரிடம் லைசென்ஸ் இருந்தால்தான். உங்களுக்கு லைசென்ஸ் இல்லை. வண்டி உங்கள் பெயரில் இருந்தால் பையனுக்கு அந்தக் காப்பு கிடையாது. தினமும் ஸ்டியரிங் பிடிக்கப்போகிறவன் அவன். தனிக் காப்பு ஏதும் எடுக்காவிட்டால், அவனுடைய தவறால் விபத்து நடக்கும்போது அவன் கணக்கில் பத்துப் பைசா வராது. பாலிசி உங்கள் பெயரில், ஆர்.சி. அவன் பெயரில் என்று நடுவழி பார்க்காதீர்கள். கிளைம் என்று போய் நிற்கும்போது அதுதான் முதல் ஓட்டை.

இன்னொன்று, கிளைம் கேட்காத ஆண்டுகளுக்குத் தரும் ‘நோ கிளைம் போனஸ்’ காரோடு போகாது, ஆளோடு வரும். முதல் ஆண்டு 20 சதவீதத்தில் தொடங்கி ஐந்து ஆண்டில் 50 வரை ஏறும். பையன் பெயரில் இப்போதே தொடங்கினால் 24 வயதில் அடுத்த கார் வாங்கும்போது கைகொடுக்கும். ஆனால் கதவில் விழுந்த ஒவ்வொரு கீறலுக்கும் கிளைம் போட்டால் அந்த ஏணியில் மறுபடி கீழே வந்து நிற்க வேண்டியதுதான். இரண்டாயிரம் ரூபாய் டிங்கரிங், பெயின்டிங் வேலையெல்லாம் சத்தமில்லாமல் கைக்காசில் முடித்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் புதுக் காரே வேண்டாம். ஏழெட்டு வருடம் ஓடிய சின்னக் கார் போதும். முதல் இரண்டு வருடம் எப்படியும் தூணையும் கேட்டையும் உரசத்தான் போகிறான்.

சரி, இனிதான் முக்கியமான விஷயம். நீங்கள் பெருமையாக எழுதிய அந்தப் பத்தாம் வகுப்பு வரி. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தம் சேர்த்த 199ஏ பிரிவை யாரையாவது படித்துக் காட்டச் சொல்லுங்கள். 18 நிரம்பாத பிள்ளை வண்டியில் குற்றம் செய்து பிடிபட்டால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு ஓராண்டு ரத்து. பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. ‘எனக்குத் தெரியாமல் நடந்தது’ என்று நிரூபித்தால் தப்பிக்க அதில் வழி இருக்கிறது. நீங்களோ தெரிந்துதான் நடந்தது என்று கைப்பட எழுதிக் கையெழுத்தும் போட்டு பத்திரிகைக்கே அனுப்பிவிட்டீர்கள்! கடிதத்தைக் கிழித்துவிட்டேன், பயப்படாதீர்கள்.

பணக் கணக்கும் பார்த்துவிடுவோம். லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டி ஒருவரைச் சாய்த்துவிட்டால், பாதிக்கப்பட்டவருக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி முதலில் கொடுத்துவிட்டு, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று தீர்ப்பாயங்கள் உத்தரவிடுவது வழக்கம். 2004-ல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் காட்டிய வழி அது. உயிரிழப்புக்குத் தரும் தொகை லட்சக்கணக்கில் போகும். பையன் உங்கள் தம்பியின் காரை ‘அருமையாக’ ஓட்டிய அத்தனை நாளும் பணயத்தில் இருந்தது உங்கள் தம்பியின் வீடு. அவருக்கு இது தெரியுமா என்று கேட்டீர்களா?

எல்.எல்.ஆர். வாங்கி 30 நாள் கழித்து டெஸ்டுக்குப் போகலாம். பையனுக்கு லைசென்ஸ் கைக்கு வந்தபிறகு அவன் பெயரிலேயே வண்டி எடுங்கள். ஷோரூமில் நீட்டுகிற பாலிசியைத்தான் எடுக்க வேண்டும் என்றில்லை, வெளியில் இரண்டு இடத்தில் விலை கேளுங்கள். அதுவரை பழகுவதற்கு வண்டியில் எல் போர்டு வேண்டும், பக்கத்து சீட்டில் லைசென்ஸ் உள்ள ஒருவர் வேண்டும். நீங்கள் உட்கார்ந்தால் கணக்கில் வராது. தம்பியைக் கூப்பிடுங்கள், அவர்தான் இத்தனை நாள் சாவியைக் கொடுத்தவர்.