மூளை வளரும் பருவமும் மூளிக் கட்டியும்: கேள்வி பதில்

உயர்தர உயிரியல் ஆசிரியர், பருத்தித்துறை: நரம்புக்கலம் பிரியாது என்றுதான் படிப்பிக்கிறோம். அப்படியென்றால் சின்னப் பிள்ளையின் மூளையில் கட்டி எப்படி வருகிறது?

நீங்கள் படிப்பிப்பது சரிதான், சேர். முதிர்ந்த நரம்புக்கலம் பிரியாது. பிரிவது அதற்கு முந்திய முன்னோடிக் கலம். மனித மூளையின் ஏறத்தாழ 8,600 கோடி நரம்புக்கலங்களில் சுமார் 6,900 கோடி பிடரிப் பக்கத்து மூளியில் (சிறுமூளையில்) இருக்கின்றன. பெரும்பாலானவை சிறுமணிக் கலங்கள். அத்தனையையும் உண்டாக்க, மூளியின் வெளிப்பரப்பில் ஒரு முன்னோடிப் படை பிள்ளை பிறந்த பிறகும் பிரிந்துகொண்டே இருக்கும். ஒரு வயதளவில்தான் அது மறையும். கீழேயுள்ள பேர்கிஞ்சிக் கலங்கள் சுரக்கும் சொனிக் ஹெட்ஜ்ஹொக் என்ற புரதம்தான் அந்தப் பிரிவைத் தூண்டுகிறது. பி.ரி.சி.எச்.1 என்ற பரம்பரையலகு அதற்குக் கடிவாளம். அது விகாரமடைந்தால் தூண்டல் இல்லாமலே பிரிவு தொடரும், கலம் முதிராது. பிள்ளைகளுக்கு மூளிப் பக்கத்தில் வரும் புற்றுக்கட்டியான மெடுலோபிளாஸ்டோமாவின் எஸ்.எச்.எச். (சொனிக் ஹெட்ஜ்ஹொக்) வகை அப்படித்தான் உருவாகிறது.

மருத்துவபீட மாணவி, கொக்குவில்: எல்லா மெடுலோபிளாஸ்டோமாவும் அந்தப் படையில் இருந்தா வருகிறது?

இல்லை. எஸ்.எச்.எச்., விண்ட், 3ஆம் குழு, 4ஆம் குழு என்று நாலு வகை உண்டு. விண்ட் வகை மூளைத்தண்டின் முதுகுப்புற முன்னோடிகளில் தொடங்குகிறது. 3ஆம், 4ஆம் குழுக்களின் வேர் முதிர்கருவின் சாய்சதுர உதட்டில் (மூளிக் கலங்கள் உண்டாகும் விளிம்பில்) இருப்பதாக 2022இல் வந்த ஆய்வுகள் காட்டின. நுணுக்குக்காட்டியில் எல்லாம் நீல உருண்டைகளாகவே தெரியலாம். பிறந்த இடம் வேறு, போக்கும் வேறு. விண்ட் வகைப் பிள்ளைகளில் 90 வீதத்துக்கு மேல் ஐந்து வருடம் தாண்டுகிறார்கள். மிக் பரம்பரையலகு பெருகிய 3ஆம் குழுதான் மிகக் கடுமையானது.

ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்: வகை பிரிக்க என்ன சாயம் போட வேண்டும்?

பீற்றா-கற்றெனின், காப்1, யாப்1 என்ற மூன்று புரதங்களுக்கும் சாயம் வேண்டும். யாப்1, காப்1 இரண்டும் பிடித்தால் எஸ்.எச்.எச். யாப்1 பிடித்து, காப்1 பிடிக்காமல், பீற்றா-கற்றெனின் கலக்கருவுக்குள் தெரிந்தால் விண்ட். யாப்1, காப்1 இரண்டும் பிடிக்காவிட்டால் 3ஆம் அல்லது 4ஆம் குழு; அவற்றைப் பிரிக்க டி.என்.ஏ. மெதைலேற்றச் சோதனை தேவை. கலக்கருவுக்குள் சாயம் சில திட்டுகளில் மட்டும் வரும், ஒரு மூலையைப் பார்த்துவிட்டு 'இல்லை' என்று எழுதினால் விண்ட் தவறிப்போகும். சந்தேகமானால் பீற்றா-கற்றெனினுக்குரிய பரம்பரையலகான சி.ரி.என்.என்.பி.1இன் 3ஆம் எக்சோனை வரிசைப்படுத்துங்கள். இழையத்தைப் போல் பத்து மடங்கு கனவளவில், 10% நடுநிலைப்படுத்திய போர்மலினில் போடுங்கள். கிழமைக்கணக்கில் ஊறவிட்டால் டி.என்.ஏ. சிதைந்து அந்த வரிசைப்படுத்தலே முடியாமல் போகலாம்.

ஒரு தாய், சாவகச்சேரி: மகளுக்கு நாலு வயது, டொக்டர். வயிற்றில் இருக்கும்போது நான் பப்பாசிப்பழம் சாப்பிட்டேன், போனிலும் நிறையக் கதைத்தேன். அதாலையா?

இல்லை, தங்கச்சி. இரண்டாலும் இல்லை. கோடிக்கணக்கான பிரிவுகளில் தற்செயலாக விழும் பிழைதான் பெரும்பாலும் காரணம். நீங்கள் எதைச் செய்திருந்தாலும் அதைத் தடுத்திருக்க முடியாது. சில பிள்ளைகளில் மட்டும் பி.ரி.சி.எச்.1, சுஃபு, ரி.பி.53 போன்ற பரம்பரையலகுகளில் பிறவியிலேயே விகாரம் இருக்கும். கட்டி எஸ்.எச்.எச். வகை என்றால் கதிர்ச்சிகிச்சைக்கு முன்பே பரம்பரையலகுச் சோதனை பற்றிக் கேளுங்கள். அந்த விகாரம் உள்ளவர்களுக்குக் கதிர் பட்ட இடத்தில் பிறகு வேறு புற்றுநோய் வரும் ஆபத்து கூட.

ஒரு தந்தை, நல்லூர்: சத்திரசிகிச்சை முடிந்தது. இனி என்ன பார்க்க வேண்டும்?

72 மணித்தியாலத்துக்குள் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். பிந்தினால் சத்திரசிகிச்சையின் தழும்பும் மிச்சக் கட்டி போலவே ஒளிரும். மிச்சம் 1.5 சதுர சென்ரிமீற்றருக்கு மேல் இருந்தால் ஆபத்து கூடிய பிரிவு. முள்ளந்தண்டு நீர் இரண்டு கிழமை கழித்து எடுப்பது நல்லது; முந்தினால் கத்தியால் சிந்திய கலங்களே பரவல் போலக் காட்டும். மூன்று வயதுக்கு மேல் கதிர்ச்சிகிச்சையின் வழமையான அளவு, மூளை, முள்ளந்தண்டு முழுவதற்கும் 23.4 கிரே (கதிரின் அளவலகு), கட்டி இருந்த இடத்துக்கு மொத்தம் 54. ஆபத்து கூடினால் முழுவதற்கும் 36. மூன்று வயதுக்குக் கீழே மூளை இன்னும் வேகமாக வளர்வதால் முதலில் மருந்துச் சிகிச்சைதான்.

முன்பள்ளி ஆசிரியை, மானிப்பாய்: எந்த அறிகுறிக்கு அனுப்ப வேண்டும்?

விடியப்புறம் தலையிடியும் சத்தியும், நடை தள்ளாட்டம், புதிதாக வந்த மாறுகண். இரைப்பைக் கோளாறு என்று கிழமைக்கணக்கில் மருந்து கொடுத்துக்கொண்டிருக்காமல் போதனா வைத்தியசாலைக்கு அனுப்புங்கள். அங்கே ஸ்கான் எடுக்க முன் முதுகில் ஊசி குத்தி நீர் எடுக்கக் கூடாது. பிடரியில் கட்டி இருந்தால் மூளி கீழே இறங்கி மூச்சையே நிறுத்திவிடலாம்.