கண்ட்ரோல் விசை சிக்கினால்: கீபோர்டின் பழுதா, லினக்ஸின் அமைப்பா?

கேள்வி: கேரளத்தின் கொழிஞ்சாம்பாறையில் சிறிய டிடிபி கடை வைத்திருக்கிறேன். உபுண்டு லினக்ஸில்தான் வேலை, கல்யாணப் பத்திரிகைகளைத் தமிழிலும் வில்லேஜ் ஆபீஸ் மனுக்களை மலையாளத்திலும் அடிக்கிறேன். சில மாதங்களுக்கு முன் பொள்ளாச்சியில் ஓராண்டு வாரண்டியுடன் வாங்கிய மெக்கானிக்கல் கீபோர்டில் வலது ஆல்ட் வேலை செய்வதில்லை. தமிழில் அடிக்கும்போது கண்ட்ரோல்-சி அழுத்தினால் நகல் ஆவதில்லை. இடது கண்ட்ரோல், விரலை எடுத்த பிறகும் சில நேரம் அழுந்தியபடியே நிற்கிறது. லினக்ஸ் போட்டால் வாரண்டி கிடையாது என்று கடைக்காரர் கைவிரிக்கிறார். வேறு மாநிலத்துக் கடைமீது நான் புகார் கொடுக்க முடியுமா?

பதில்: நீங்கள் சொல்லும் மூன்று குறைகளில் முதல் இரண்டுக்குக் கடைக்காரர் பொறுப்பாக மாட்டார். ரூபாய்க் குறியுடன் கூடிய இந்திய ஆங்கில விசையமைப்பில் வலது ஆல்ட் மூன்றாம் நிலை எழுத்துகளுக்கென, அதாவது ஒரே விசையில் சாதாரணமாகவும் ஷிஃப்டுடனும் வருபவை போக மூன்றாவதாக வரும் எழுத்துகளுக்கென, ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதை அழுத்திக்கொண்டு 4 விசையைத் தட்டும்போது ₹ வந்தால் விசை நன்றாகவே இருக்கிறது என்று பொருள். கண்ட்ரோல்-சி சிக்கலும் இத்தகையதே: தமிழ் விசையமைப்பு இயங்கும்போது அந்த விசை தமிழ் எழுத்தாகவே செயலிக்குப் போய்ச் சேர்வதால், சில செயலிகள் அதைக் குறுக்குவிசையாக அடையாளம் காண்பதில்லை. உள்ளீட்டு மொழிகளின் பட்டியலில் ஆங்கிலத்தை முதலில் வைத்துப் பாருங்கள். அப்படியும் சரியாகாத செயலியில், நகலெடுக்கும்போது மட்டும் சூப்பர்-ஸ்பேஸ் (சூப்பர் என்பது விண்டோஸ் குறியுள்ள விசை) அழுத்தி ஆங்கிலத்துக்கு மாறிக்கொள்ள வேண்டியதுதான்.

மூன்றாவது குறையைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். அணுகல்தன்மை அமைப்புகளில் 'ஸ்டிக்கி கீஸ்' என்ற வசதி உண்டு. அதை விசைப்பலகை வழியே இயக்க அனுமதித்திருந்தால், ஷிஃப்டை ஐந்து முறை தொடர்ந்து தட்டியதுமே அது இயங்கிவிடும், பிறகு ஒருமுறை தொட்ட கண்ட்ரோல் அடுத்த விசை விழும்வரை அழுந்தியதாகவே கணக்காகும். அதை அணைத்த பின்பும் சிக்கல் தொடர்ந்தால், கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலில் நிர்வாகி உரிமையுடன் 'ஈவ்டெஸ்ட்' என்ற சிறு கருவியை இயக்கி, பட்டியலில் உங்கள் கீபோர்டைத் தேர்ந்தெடுத்து, கண்ட்ரோலை மெதுவாக அழுத்தி விடுங்கள். அழுத்தும்போது மதிப்பு 1 என்றும், விரலை எடுத்ததும் 0 என்றும் வர வேண்டும். 0 வராமல் போனாலோ, ஒரே அழுத்தலுக்கு 1, 0, 1, 0 என்று மாறி மாறி வந்தாலோ பழுது கீபோர்டில்தான்; ஏனெனில் விசையமைப்பு, ஸ்டிக்கி கீஸ் போன்ற டெஸ்க்டாப் அமைப்புகள் எவையும் தொடுவதற்கு முன்பே இந்தக் கருவி விசையின் சைகையைப் படித்துவிடுகிறது. இதைக் கைப்பேசியில் வீடியோ எடுத்துவிட்டு, அதே கீபோர்டை ஒரு விண்டோஸ் கணினியில் மாட்டி, அங்கும் கண்ட்ரோல் நின்றுவிடுவதைப் பதிவு செய்யுங்கள். விசையின் ஸ்விட்சை மட்டும் கழற்றிப் பார்க்காதீர்கள். கழற்றியதையே காரணமாகக் காட்டி வாரண்டியை மறுக்க இடம் கொடுத்துவிடும்.

விண்டோஸிலும் அதே பழுது தெரியும்போது லினக்ஸைக் காரணம் சொல்வது நியாயமே அல்ல. பள்ளிக்கூடக் கணினிகளே லினக்ஸில் ஓடுகிற மாநிலத்திலிருந்து வரும் வாடிக்கையாளரிடம் இப்படிச் சொல்லி அனுப்புவது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. வாரண்டி அட்டையில் அப்படியொரு நிபந்தனை அச்சாகியிருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள்.

புகாருக்காக நீங்கள் எல்லை தாண்ட வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 34ஆம் பிரிவின்படி, புகார்தாரர் வசிக்கும் இடத்திலோ தொழில் செய்யும் இடத்திலோ வழக்குத் தொடர அனுமதிக்கிறது. ஆகவே பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையமே போதும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டதால் கட்டணமும் இல்லை. கடைக்காக வாங்கியதால் நீங்கள் நுகர்வோரே அல்லர் என்று எதிர்த்தரப்பு வாதிடக்கூடும். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கித் தாமே பயன்படுத்துபவரையும் சட்டம் நுகர்வோராகவே கொள்வதால், அந்த விவரத்தைப் புகாரிலேயே தெளிவாக எழுதிவிடுங்கள். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்து, பில், வாரண்டி அட்டை, இரண்டு வீடியோக்கள் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். அங்கே தீராவிட்டால், வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் ஆணையத்தில் மனுத் தாக்கல் செய்ய வேண்டும்.