எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) படிக்க எந்த டிகிரி? – வாசகர் கேள்வி பதில்

பிளஸ் டூவில் காமர்ஸ் குரூப் படிக்கிறேன். எம்.எஸ்.டபிள்யூ. முடித்து, கிராமத்துப் பெண்கள், குழந்தைகளுக்காக வேலை பார்க்க ஆசை. பக்கத்துக் கல்லூரியில் பி.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி இளங்கலை) இல்லை. வெளியூரில் விடுதியில் தங்கியாவது அதைத்தான் படிக்க வேண்டுமா?
– வாசகி, தேனி மாவட்டம்

வேண்டாம். எந்தப் பட்டப்படிப்பு முடித்தவரும் எம்.எஸ்.டபிள்யூ.வுக்கு விண்ணப்பிக்கலாம் என்பதுதான் பெரும்பாலான கல்லூரிகளின் விதி. மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் எம்.ஏ. சோஷியல் வொர்க்குக்கும் இதேதான்.

பி.எஸ்.டபிள்யூ. படித்தவருக்குக் களப்பணிப் பழக்கம் முன்பே இருக்கும். நேர்முகத் தேர்வில் அது கைகொடுக்கும். ஆனால் தனிநபர் பணி, குழுப்பணி, சமுதாய அமைப்பு (ஊர் மக்களை ஒருங்கிணைத்துச் செயல்பட வைப்பது) ஆகிய பாடங்களை எம்.எஸ்.டபிள்யூ. முதலாண்டில் அடிப்படையிலிருந்தே நடத்துவார்கள். அதனால் மற்ற டிகிரிக்காரர்கள் பின்தங்கிவிட மாட்டார்கள். கிராமப்புற வேலைதான் இலக்கு என்றால் சமூகவியலோ பொருளாதாரமோ எடுங்கள். சாதி, நிலம், கூலி, கடன் பற்றி அங்கே படிப்பதெல்லாம் ஒரு கிராமத்துக்குள் போனதும் உதவும்.

பலர் திணறுவது வேறு இடத்தில். எம்.எஸ்.டபிள்யூ.வில் பொதுவாக வாரத்துக்கு இரண்டு நாள் களப்பணி. ஒவ்வொரு முறையும் அறிக்கை எழுத வேண்டும், அதுவும் பெரும்பாலும் ஆங்கிலத்தில். 'அந்த அம்மா மிகவும் வருத்தமாக இருந்தார்' என்று எழுதினால் மேற்பார்வையாளர் திருப்பிக் கொடுப்பார். என்ன பார்த்தீர்கள்? கண் கலங்கினாரா, பதில் சொல்லாமல் தரையைப் பார்த்தாரா, மாமியார் உள்ளே வந்ததும் பேச்சை நிறுத்தினாரா? யார் கூட இருந்தார்கள், நீங்கள் என்ன கேட்டீர்கள், அவர் சொன்ன வார்த்தைகள் என்ன, அடுத்த சந்திப்பில் என்ன செய்யப் போகிறீர்கள் என்று வரிசையாக எழுத வேண்டும். கண்டதையும் ஊகித்ததையும் கலந்து எழுதுவதுதான் முதலாண்டில் அடிக்கடி நடக்கும் தவறு. எந்த டிகிரி படித்தாலும், இந்த மூன்று வருடத்தில் வாரம் ஒரு பக்கமாவது இப்படி ஆங்கிலத்தில் எழுதிப் பழகுங்கள்.

இன்னொன்று, புள்ளியியல். எம்.எஸ்.டபிள்யூ. ஆய்வேட்டுக்குக் கேள்விப்பட்டியல் தயாரிப்பதும், சராசரி, திட்டவிலக்கம், கை-வர்க்கச் சோதனை (chi-square test) போடுவதும் வரும். பொருளாதாரத்தில் புள்ளியியல் தாள் இருக்கும். சமூகவியல் எடுத்தால் ஆய்வுமுறைத் தாளை அசட்டையாக விடாதீர்கள்.

மகள் பி.காம். இரண்டாமாண்டு. எம்.எஸ்.டபிள்யூ. படித்து ஹெச்.ஆர். (மனிதவள) வேலைக்குப் போக நினைக்கிறாள். பொருந்துமா?
– வாசகர், நாகர்கோவில்

நன்றாகப் பொருந்தும். சம்பளப் பட்டியல், வருங்கால வைப்பு நிதி போன்ற கணக்குகள் பி.காம். படித்தவருக்கு எளிது, தொழிலாளர் சட்டங்களைத்தான் புதிதாகப் படிக்க வேண்டியிருக்கும். மனிதவளச் சிறப்புப் பிரிவு எல்லாக் கல்லூரியிலும் கிடையாது. சேரும்போதே பிரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டுமா, முதலாண்டு முடிந்தபிறகா என்றும் விண்ணப்பிக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். அரியர் எதையும் கடைசி செமஸ்டர் வரை இழுக்க விடாதீர்கள். தற்காலிகப் பட்டச் சான்றிதழ் குறித்த தேதிக்குள் வராததால் கிடைத்த இடம் பறிபோவது உண்டு.

பி.எஸ்ஸி. சைக்காலஜி, பிறகு எம்.எஸ்.டபிள்யூ. முடித்தால் சைக்காலஜிஸ்ட் ஆகலாமா?
– வாசகி, சேலம்

ஆக முடியாது. இந்தக் குழப்பத்தை மூன்றாமாண்டு வரை சுமந்துகொண்டு வருபவர்கள் அதிகம். 2017-ம் வருட மனநலப் பாதுகாப்புச் சட்டம் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், மனநல சமூகப் பணியாளர் என்ற இரண்டு பணிகளையும் தனித்தனியாக வரையறுக்கிறது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆக உளவியல் முதுகலையும் அதற்கு மேல் மருத்துவ உளவியல் பயிற்சியும் வேண்டும். எம்.எஸ்.டபிள்யூ. வழியாகப் போனால் நீங்கள் ஆகக்கூடியது மனநல சமூகப் பணியாளர். நோயாளியின் குடும்பம், வேலை, வீடு திரும்பியபின் வாழ்க்கை என்று அதன் களமே வேறு, மிக முக்கியமான களம். அதற்கும் எம்.எஸ்.டபிள்யூ. மட்டும் போதாது; மேற்பார்வையோடு கூடிய மருத்துவமனைப் பயிற்சி உள்ள இரண்டாண்டு முழுநேர எம்.ஃபில். தேவை என்கிறது சட்டம்.

எம்.ஃபில். பட்டத்தைப் பொதுவாக நிறுத்திய பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.), மருத்துவ உளவியல், மனநல சமூகப்பணி இரண்டுக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை அனுமதி நீட்டித்தது. அதனால் நீங்கள் விண்ணப்பிக்கும் வருடத்தில் அந்தப் படிப்பு எந்தப் பெயரில் நடக்கிறது, என்ன தகுதி கேட்கிறார்கள் என்பதை பெங்களூருவில் உள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸின் சேர்க்கை அறிவிப்பில் பாருங்கள். எம்.எஸ்.டபிள்யூ.வில் மருத்துவ, மனநலச் சிறப்புப் பிரிவு உள்ள கல்லூரியையே தேர்ந்தெடுங்கள்.