ரிப்பேர் செய்த 1917 ரூபாய் நோட்டு: பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்

கேள்வி: ஐயா, ஓய்வுக்குப் பிறகு பழைய நோட்டுகள் சேகரித்து விற்று வருகிறேன். என்னிடம் 1917-இல் வெளியான ஐந்தாம் ஜார்ஜ் ஒரு ரூபாய் நோட்டு, அன்றைய நிதி அதிகாரி குப்பேயின் கையெழுத்துடன் இருந்தது. ஓரக் கிழிசலை ஒட்டி, மடிப்பு தெரியாமல் பிரஸ் செய்து, வாட்ஸாப் குழுவில் போட்டு 38,000 ரூபாய்க்கு விற்றேன். வாங்கியவர் நேரில் வந்து லென்ஸ் வைத்துப் பார்த்துத்தான் எடுத்துப் போனார். இப்போது நோட்டின் தரத்தை மதிப்பிடும் கிரேடிங்கில் 'ரிப்பேர் செய்யப்பட்டது' என்று வந்ததாம். முழுப் பணம் கேட்கிறார், போலீஸுக்குப் போவேன் என்கிறார், குழுவில் என்னைத் திருடன் என்கிறார். பிரஸ் செய்யாத டீலர் உண்டா? வித்தியாசத் தொகையை மட்டும் கொடுத்தால் போதாதா?
- ஈரோடு வாசகர்

பதில்: நீங்கள் அனுப்பிய விளம்பரப் படத்தில் ஒரு வரி இருக்கிறது: "ஒரிஜினல் யூஎன்சி, ரிப்பேர் எதுவும் இல்லை." யூஎன்சி என்றால் புழக்கத்துக்கே போகாத நோட்டு. வழக்கே அந்த வரிதான். டீலர்கள் செய்வது, அவர் திருடன் என்றது எல்லாவற்றையும் ஒதுக்கி வையுங்கள். மானநஷ்ட நோட்டீஸ் அனுப்பலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். பதில் நோட்டீஸில் முதலில் வருவது அந்த வரியாகத்தான் இருக்கும்.

நோட்டை ஒட்டுவதோ பிரஸ் செய்வதோ குற்றமில்லை. சொல்லி விற்றிருந்தால் விலை குறைந்திருக்கும், அவ்வளவுதான்.

நேரில் பார்த்தாரே என்கிறீர்கள். 'சாதாரணக் கவனத்தில் கண்டுபிடித்திருக்கலாமே' என்ற வாதம் ஒப்பந்தச் சட்டம் 19-ஆம் பிரிவில் உண்டு. ஆனால் அந்த வாதம், எதுவும் சொல்லாமல் இருந்தவருக்கும், உண்மை என்று நம்பித் தவறாகச் சொன்னவருக்கும்தான். தெரிந்தே பொய் சொன்னவருக்கும், குறையை வேலை செய்து மறைத்தவருக்கும் கிடையாது. அது 17-ஆம் பிரிவின்படி மோசடி. ஒட்டியது உங்கள் கை. வித்தியாசத் தொகையை ஏற்பதா, விற்பனையை ரத்து செய்வதா என்பது அவர் விருப்பம், உங்களுடையது அல்ல.

இனி நான் உண்மையில் பயப்படும் இடம். இத்தகைய தகராறை ஏமாற்று வழக்காக்குவது, விற்கும்போதே உங்களுக்குத் தெரியும் என்பதற்கான சாட்சியம். அதை நிரூபிப்பதுதான் எதிர்த்தரப்புக்குக் கஷ்டம். என்னிடம் வருகிறவர்கள் அந்தக் கஷ்டத்தைத் தாங்களே தீர்த்துவைத்துவிட்டுத்தான் வருவார்கள். "லேசாகத்தான் ஒட்டினேன் சார், எல்லாரும் செய்வதுதானே" என்று ராத்திரி பதினோரு மணிக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருப்பார்கள். பிறகு பயந்துபோய்க் குழுவிலிருந்து விளம்பரத்தை அழிப்பார்கள். அவர் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து எப்போதோ முடிந்திருக்கும், அழித்தது இன்னொரு சாட்சியம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 318(4)-இல் ஏழு ஆண்டு வரை தண்டனை உண்டு. ஜாமீனில் விடக்கூடிய பிரிவும் இல்லை. எஃப்ஐஆர் விழுந்துவிட்டால், சமரசம் செய்யக்கூட நீதிமன்ற அனுமதி வேண்டும், அல்லது உயர் நீதிமன்றம் போக வேண்டும். அப்போது 38,000 சின்னத் தொகையாகத் தெரியும்.

ஆகவே இன்றே பேச்சை நிறுத்துங்கள், எதையும் அழிக்காதீர்கள். முழுப் பணத்தையும் வங்கி வழியாகக் கொடுத்து நோட்டைத் திரும்ப வாங்குங்கள். வாங்கும்போது நோட்டின் எண்ணைச் சரிபார்த்து இரண்டு பக்கமும் படம் எடுங்கள். ரசீது இல்லாமல் பணம் கொடுத்துவிட்டு, பிறகும் புகாரைச் சந்தித்தவர்களை எனக்குத் தெரியும். "விற்பனை ரத்தானது, பணம் பெற்றேன், கோரிக்கை எதுவும் மீதமில்லை" என்று கையெழுத்து வாங்குங்கள். "புகார் கொடுக்க மாட்டேன்" என்று எழுதச் சொல்லாதீர்கள். பணம் கொடுத்துப் புகாரை அமுக்கியது போலத் தோன்றும். கிரேடிங் செலவையும் கேட்டால் கொடுத்துவிடுங்கள், பேரம் வேண்டாம்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். எண்ணில் கை வைக்கவில்லையே? சாதாரண எண்ணை, சேகரிப்பவர்கள் தேடும் 786 ஆக்கும் வேலை சிலர் செய்கிறார்கள். அப்படி ஏதாவது இருந்தால் மேலே சொன்னது எதுவும் பொருந்தாது. அதே சன்ஹிதாவின் 178-ஆம் பிரிவிலிருந்து தொடங்கும் கள்ளநோட்டுப் பிரிவுகளுக்குள் இழுக்கப் பார்ப்பார்கள். இப்படி எழுதிக் கேட்காமல், கிரிமினல் வழக்கறிஞர் ஒருவரை நேரில் பாருங்கள்.

திரும்பி வந்த நோட்டை மறுபடி விற்பதில் தடையில்லை. "ஓரம் ஒட்டியது, பிரஸ் செய்தது" என்று விளம்பரத்திலேயே போடுங்கள். பழைய படத்தை மட்டும் பயன்படுத்த வேண்டாம்.