செஸ்ஸில் எண்ட்கேம் புதிர் போடுவதால் நிஜ ஆட்டத்துக்குப் பிரயோஜனம் உண்டா?

எண்ட்கேம் என்றால் சில காய்களே மிஞ்சிய ஆட்ட முடிவு. ஆட்டத்தில் வரவே வராத அப்படிப்பட்ட நிலைகளை யாரோ உட்கார்ந்து அமைத்து வைத்திருக்கிறார்கள், அதைத் தீர்த்து என்ன லாபம் என்று கேட்டிருக்கிறீர்கள். ரேட்டிங் (ஆட்டத் திறனுக்கான புள்ளி) ஏறுமா என்றால், எனக்கு ஒன்றும் பெரிதாக ஏறவில்லை. ஆனாலும் விடமாட்டேன்.

தாம்பரத்தில் பீச் வண்டி ஏறி ஆபீஸ் போகிறவன் நான். கூட்டத்தில் பலகை விரிக்கவா முடியும்? நாலே காய் உள்ள நிலையாகப் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டு ஏறிவிடுவேன். முதலில் மாட்டியது 1921-ல் செஸ் வீரர் ரிச்சர்ட் ரெட்டி அமைத்தது. வெள்ளை ராஜா ஹெச்8 (எழுத்து நெடுக்கு வரிசை, எண் குறுக்கு வரிசை), சிப்பாய் சி6. கறுப்பு ராஜா ஏ6, சிப்பாய் ஹெச்5. வெள்ளை ஆடி டிரா செய்ய வேண்டும்.

பார்த்தால் சிரிப்பு வரும். கறுப்புச் சிப்பாயைத் துரத்தினால் எட்டாது. சொந்தச் சிப்பாய்க்குத் துணை போகலாமென்றால் அதுவும் தூரம். பல்லாவரம் தாண்டியும் இரண்டையும் தனித்தனியாகவே எண்ணிக்கொண்டிருந்தேன். அங்கேதான் கோட்டை விட்டேன்.

ராஜா ஜி7, எஃப்6, இ5 என்று மூலைவாட்டில் இறங்க வேண்டும். காகிதத்தில் மூலைவிட்டம் நீளம். ராஜாவுக்கோ நேராக இறங்கினாலும் மூலைவாட்டில் இறங்கினாலும் அதே மூன்று நகர்த்தல்தான். துரத்துகிற வழியிலேயே சொந்தச் சிப்பாயையும் நெருங்கிவிடுகிறது. இ5 வந்ததும் கறுப்பு ராஜா சி6-ஐ வெட்டினால் எஃப்4 போய் ஹெச் சிப்பாயைப் பிடித்துவிடலாம். வெட்டாமல் சிப்பாயை ஓட்டினால் வெள்ளை ராஜா டி6. இரண்டு பக்கச் சிப்பாயும் கடைசிக் கட்டம் போய் ராணியாகிவிடும், டிரா. இது உறைத்தபோது வண்டி நுங்கம்பாக்கத்தில் நின்றது. நான் இறங்க வேண்டியது கோடம்பாக்கம்.

இப்போதெல்லாம் ஆட்டத்தில் ராஜாவை நேராக நகர்த்தப் போகும்போது கை தானாகக் கொஞ்சம் தயங்குகிறது. எனக்குக் கிடைத்த லாபம் அதுதான்.

தயவுசெய்து இன்ஜினை (விடை சொல்லும் செஸ் மென்பொருளை) தட்டாதீர்கள். ஆரம்பத்தில் அப்படி நிறையப் புதிர்களைப் பாழாக்கினேன். ஒன்றுகூட நினைவில் இல்லை. கண்ணில் படும் முதல் நகர்த்தலை எதிராளி எப்படி முறியடிப்பான் என்று தேடுங்கள், விடை பெரும்பாலும் அதன் பக்கத்திலேயே இருக்கும்.

சரி, உங்களுக்கு ஒன்று. வெள்ளை ராஜா பி6, சிப்பாய் சி6. கறுப்பு ராஜா ஏ1, யானை டி5. வெள்ளை ஆடி ஜெயிக்க வேண்டும். டிரா என்று முடிவு கட்டியிருந்த இதில் 1895-ல் வெற்றியைக் கண்டவர் கிளாஸ்கோவில் இருந்த ஸாவேத்ரா என்ற பாதிரியார். சிப்பாய் கடைசிக் கட்டத்துக்குப் போனதும் அவசரப்பட்டு ராணி கேட்டுவிடாதீர்கள்.